பதினோரு மீட்டர் வயர்

ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி.
டிகோடர் கூடத்தில்.
தங்கை உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

தர்மினி ஈப்போவிலிருந்து வந்து
நாற்பது நாள் ஆகிறது.
இரண்டு பெட்டி, ஒரு சின்ன டிவி.
பெட்டிகளை என்னிடம் தள்ளிவிட்டு
டிவியைக் கட்டிப்பிடித்தபடி லிப்டில் ஏறினாள்.
என்ன நடந்தது என்று கேட்டேன், ஒரே ஒரு தடவை.
"உள்ளேர்ந்து சேனல் எப்படி மாத்துறது?" என்றாள்.

படம் கேபிளில் போய்விடும்.
ரிமோட்டின் வெளிச்சம் போகாது.
சுவர் என்றால் நின்றுவிடும்,
ரேடியோ அலை மாதிரி நைசாக நுழையத் தெரியாது,
ரோஷம்.
பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
ஷிப்டுக்கு நாலாயிரம் டையோடு பார்க்கிறேன்,
எனக்கா தெரியாது.

ஊய் கடையில் பதினெட்டு ரிங்கிட்.
பொட்டலத்துக்குள் ஒரு கண்,
பதினோரு மீட்டர் வயர்,
மறுநுனியில் உளுந்தளவு பல்பு.
கண்ணை அவள் டிவி மேல் வைத்தேன்.
பல்பை டிகோடரின் முகத்தில் ஒட்டினேன்.
வயர் கதவுக்கு அடியில்,
டைல் உடைந்த மூலை வழியே.

ரிமோட்டுக்கு எதிரே
கைப்பேசிக் கேமராவைப் பிடித்துக் காட்டினேன்.
அழுத்தினாள்.
வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை,
திரையில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில்
ஏதோ பதறியது.
நொடிக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை, என்றேன்.
"ஒரு சேனல் மாத்த இவ்வளவு கத்தணுமா?"
அந்த மாதத்தில் அவள் பேசிய
நீளமான வாக்கியம் அதுதான்.

பிறகு இருவருக்கும் ஒரே டிகோடர்.
பேட்மிண்டன், மூன்றாவது செட்,
இருபதுக்குப் பத்தொன்பது,
கையில் பிசைந்த சோறு,
பந்து மேலே போனது,
கீழே வரும்போது
யாரோ ஒரு கொரியப் பெண்
முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டிருந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முட்டைக்கோஸைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இரவு ஷிப்ட் முடிந்து
காலுறையோடு கூடத்தில் நின்று
டிகோடரின் பச்சை எண்ணைப் படிப்பேன்.
இருநூற்றுப் பதினொன்று: கார்ட்டூன்,
நடுவிலேயே தூங்கியிருக்கிறாள்.
ஐநூற்று நாலு: செய்தி,
தூங்கவே இல்லை.
சில நாள் நான் நிற்கும்போதே எண் மாறும்.
சரி, எழுந்துவிட்டாள்.
தண்ணீர் சுட வைப்பேன்.

மாலை ஆறே காலுக்கு
மேற்கு வெயில் உள்ளறை ஜன்னலில் இறங்கும்.
அந்தக் கண்ணுக்குக் கூச்சம், ஒன்றும் தெரியாது.
ரிமோட்டை உள்ளங்கையில்
அவள் தட்டும் சத்தம் கேட்கும்.
அதற்கு மருந்து திரைச்சீலை.
சொன்னேன். போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை, நல்ல வெக்கை.
பகல் தூக்கத்தில் இருந்தேன்.
"அக்கா" என்று கூப்பிட்டது
கூடத்திலிருந்து.
கூடத்திலிருந்து!
டிகோடர் முன் குத்துக்காலிட்டு
தர்மினி, கையில் தொங்கும் பல்பு.
"பசை விட்டுருச்சு. நீ உள்ளே போய் அழுத்து,
வெளிச்சம் வருதான்னு பார்க்கிறேன்."

அவள் அறைக்குள் முதல் தடவை.
ஒரு பெட்டி இன்னும் பூட்டியபடி,
அதன் மேல் ரிமோட்,
பாதி பிஸ்கட்.
அழுத்தினேன்.
"வருது வருது!" என்று கத்தினாள்.
கேமராவில் பார்க்கிறாள் போல.

"ஒட்டுறதுக்கு டேப் இருக்கா?"
தீர்ந்துவிட்டது என்றேன்.
குளியலறைக் கதவு திறந்து மூடியது.
கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருந்த
அரக்குநிறப் பெரிய பொட்டு,
வெல்வெட், தீபாவளிக்கு வாங்கியது,
அதைக் கொண்டுவந்து
பல்பின் முதுகோடு சேர்த்து அழுத்தியிருக்கிறாள்.
பிறகுதான் பார்த்தேன், கோணல்,
ஆனால் பிடித்துக்கொண்டது.

"இப்போ மாத்து."
மாற்றினேன்.
"இன்னொண்ணு."
இன்னொன்று.
பேட்மிண்டன் வந்தது.
அடுத்ததுக்கு விரல் போகும்போது
சோபா முனகுகிற சத்தம்.
"விடு, இது ஓடட்டும்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
சுவருக்கு இந்தப்பக்கம் சின்னத் திரை,
அந்தப்பக்கம் பெரியது,
இரண்டிலும் ஒரே பந்து.
"சர்வீஸ் யாருது?" என்று கேட்டாள்.
பாதியில் வந்தோம்.
எனக்கும் தெரியவில்லை.